சாப்பிட்டுப்போட்டுப் பேசலாமுங்க

வடை என்னவோ தட்டப்பயறு வடைதான், அதில் நாச்சிமுத்துவுக்குச் சந்தேகமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மோந்தால் வெள்ளகோவில். கண்ணைத் திறந்தால் பிரேசில் நாடு, சால்வடோர் என்று ஒரு கடலோர ஊர், ஓட்டுக்கூரை போட்ட பெரிய கூடம், சுற்றிலும் மேஜைகள், நடுவே பலகை அடித்த மேடை, மேடை ஓரத்தில் இடுப்புயர மத்தளங்கள். நம்ம ஊர்த் தட்டப்பயறையே ஊறவைத்து அரைத்து, செக்கச்செவேலென்ற பனை எண்ணெயில் பொரித்து, வயிற்றைப் பிளந்து இறாலைத் திணித்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இறாலை ஒதுக்கிவிட்டார். புரட்டாசி மாசம். பம்ப்செட் கம்பெனிக்காரன் வருசா வருசம் நல்லா விற்கிற டீலர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவான். டிக்கெட் மலிவு என்று ஊரே கவுச்சியை விட்டிருக்கிற மாசமாகப் பார்த்து இந்த வருசம் வைத்துத் தொலைத்திருந்தான். வேறொரு நாளாக இருந்தால் நாச்சிமுத்து அதைச் சொல்லியே அவனை வைது தீர்த்திருப்பார். இன்றைக்கு வாய் வடையை மென்றது, மனசு பக்கத்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் வீட்டுக்காரி கலாமணி. மத்தியானம் கடற்கரையில் வைத்து, "என்ன புள்ள முடிவு பண்ணியிருக்கற?" என்று கேட்டதற்கு, அலையைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரிச் சோறு ஆகட்டும். சாப்பிட்டுப்போட்டுப் பேசலாமுங்க" என்று சொல்லிவிட்டாள். சரி, இதோ சாப்பாடு. அவளானால் ஒரு வாய் எடுப்பதும், மேடையைப் பார்ப்பதும், மறுபடி ஒரு வாய் எடுப்பதுமாக இருக்கிறாள். கல்யாணம், கருமாதி, காதுகுத்து எதிலும் முதல் பந்தியில் உட்கார்ந்து முதல் ஆளாக எழுந்திரிக்கிறவள். இத்தனை மெதுவாக அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததேயில்லை.

முடிவு என்றால் என்ன பெரிய முடிவு, கும்மியை விடுவதா வேண்டாமா என்பதுதான். கொங்கு நாட்டில் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் பொழுது சாய்ந்தால் கோயில் மைதானத்தில் வள்ளி கும்மிப் பழக்கம் நடக்கிறது. வாத்தியார் ஒருத்தர் வள்ளி கதையைப் பாட, மேளம் அடிக்க, பெண்டு பிள்ளைகள் வட்டம் கட்டிக் கைகொட்டி ஆடுகிறார்கள். ஆடிப் பழகி முடித்ததும் ஒரே நிறத்தில் சேலை எடுத்துக் கட்டி ஊர்கூட்டி அரங்கேற்றம். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லி, "சும்மா ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாரனுங்க" என்று போனவள்தான். போகச் சொன்னது யார்? இவரேதான். போயிட்டு வா, முட்டிவலிக்கு நல்லது, நடந்த மாதிரியும் ஆச்சு என்று சொன்ன வாயைத்தான் இப்போது அடித்துக்கொள்ள வேண்டும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். முட்டிவலி போயே போய்விட்டது. அதுவரைக்கும் சரி. ஆனால் பாத்திரம் கழுவுகிறபோது சிரிக்கிறாளே, அது எதற்கு? தோசைக்கு ஊற்றிவிட்டு, கல்லில் தோசை வேகிற அந்தச் சித்த நேரத்துக்குள் காலை எடுத்து முன்னே வைத்துப் பின்னே வைக்கிறாளே, அது எதற்கு? தோசை கருகினாலும் பரவாயில்லை, கருகவும் மாட்டேன் என்கிறது. மூணு வார்த்தை பேசினால் அதில் ஒண்ணு வாத்தியார். வாத்தியார் சொன்னாருங்க, வாத்தியார் கையை இன்னும் மேல தூக்கோணுமின்னாருங்க, வாத்தியாருக்குத் தொண்டை கட்டிப்போச்சுங்க. வெள்ளியங்கிரி வாத்தியார்! பெண்சாதி செத்துப் பல வருசமான ஆள், ஒட்டின வயிறு, தோளில் பச்சைத் துண்டு, குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். அந்த ஆளுக்குத் தொண்டை கட்டினால் இங்கே சுக்குக் காப்பி கொதிக்கிறது. இவருக்கு இருமல் வந்து ஒரு மாசம் கிடந்தபோது மெடிக்கலில் மருந்து வாங்கிக் குடியுங்கள் என்றவள்.

அதுகூடப் பரவாயில்லை. சுக்கைக்கூட மன்னித்துவிடலாம். அந்தச் சாயங்காலத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மழை வரும்போல இருந்தது, பாவம் நனைவாளே என்று கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு மாரியம்மன் கோயில் மைதானத்துக்குப் போனார். அப்போதுதான் பழக்கம் ஆரம்பிக்கிறார்கள். வரிசையாக நின்ற பெண்களில் முதல் ஆளாகக் கலாமணி முன்னே போனாள், வாத்தியார் நின்றிருந்த இடத்தில் குனிந்தாள், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலைத் தொட்டாள். அந்த ஆளின் காலை. தாலி கட்டின அன்றைக்கு ஐயர் சொன்னார் என்று இவர் காலைத் தொட்டதோடு சரி, அதற்கப்புறம் ஒரு நோம்பி நொடி என்று உண்டா? தீபாவளிக்கு உண்டா? இவரும் கேட்டதில்லை, அதெல்லாம் எதற்கு என்கிற ஆள்தான். கேட்காமல் இன்னொருத்தனுக்குக் கிடைக்கிறபோதுதான் அது வேண்டுமென்று தோன்றுகிறது. வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அவள் நனைந்து வந்தாள். "ஏனுங்க, ஒரு நடை வந்து கூட்டிட்டு வந்திருக்கலாமுல்ல" என்று தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள், இவர் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தொண்டையில் சிக்கின முள் இன்றைக்கு வரை இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஐம்பதைத் தாண்டிய மனுசன், மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, நீ ஏன் அந்த ஆள் காலைத் தொட்டாய் என்று கேட்டால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா, முதலில் அவளே சிரிக்கமாட்டாளா? அதனால் சுற்றிவளைத்தார். கடைக்கு வருகிறவனெல்லாம் கேட்கிறான் என்றார். சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார். அரங்கேற்றத்துக்கு முந்தின கடைசிப் பழக்கமெல்லாம் டூர் போகிற நாளிலேயே விழுகிற மாதிரி இருக்கவும், போன வருசம்வரை தனியாகவே போய்வந்த மனுசன், நீயும் வா கண்ணு என்று இரண்டு டிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்தார். கிளம்புகிறதுக்கு முந்தின நாள் பெட்டி கட்டுகிறபோது போட்டு உடைத்தார்: "திரும்பி வந்ததும் கும்மிய நிறுத்திப்போடோணும். அரங்கேத்தத்துல நீ நிக்க வேண்டாம்." பருப்புப்பொடிப் பொட்டலத்தைத் துணிக்கு நடுவே செருகிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ரோசனை பண்ணிச் சொல்றேனுங்க" என்றாள். ரோசனை! இத்தனை வருசத்தில் அவர் ஒன்று சொல்ல, அவள் சரிங்க என்பாள், இல்லாவிட்டால் முடியாதுங்க என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசமாட்டாள். இரண்டுக்கும் நடுவே ரோசனை என்று ஒரு வீடு கட்டி அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது இதுதான் முதல் தடவை. வெளியே இவர் காத்துக்கிடக்கிறார். விமானத்தில் முழிப்பு வந்து பார்த்தால் பக்கத்து இருக்கை காலி. கக்கூசுக்குப் போயிருப்பாள் என்று நினைத்து, வெகுநேரமாகியும் வரவில்லையே என்று எழுந்து போனால், வால்பக்கம் திரைக்குப் பின்னால், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கையைத் தட்டாமல் தட்டி, சுற்றிக் குனிந்து ஆடிக்கொண்டிருக்கிறாள், விமானப் பணிப்பெண் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்க்கிறது. கீழே கடல். கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிறபோதுகூட அந்த ஆள் பாட்டு.

"மாப்ள, பாத்தீங்களா, சாமி எறங்கிருச்சு" என்று இடதுபக்கமிருந்து விலாவில் இடித்தார் அர்த்தநாரி. கரூர் டீலர், பெரிய மீசை, நல்ல மனுசன், வாய் மட்டும் ஓயாது. மேடையில் நீலப்பாவாடை கட்டின ஒருத்தி கையில் கண்ணாடி வைத்துக்கொண்டு தோளைக் குலுக்கிக் குலுக்கி வந்தாள், முகத்தில் பாசிமணித் திரை தொங்கியது. கடல் தெய்வமாம். கம்பெனியிலிருந்து கூட வந்திருந்த பொடியன் கவுதம் ஒவ்வொன்றையும் கைபேசியில் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகப் பிடித்து வரப்பட்ட சனங்கள் கூடவே கொண்டுவந்த சாமிகள் என்றான். அதைச் சொல்லவா வேணும், மத்தளம் அடிக்கிற அடியிலேயே தெரிகிறது, சாமிக்குத்தான் இப்படி அடிப்பார்கள். நாச்சிமுத்துவுக்கு ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்த உடம்போடு, அடடா பாரு புள்ள என்று திரும்பினால், கலாமணி ஏற்கெனவே அங்கே இருக்கிறாள். இவர் சொல்லித் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒன்றும் பாக்கியில்லை. விரல் மேஜையில் தட்டுகிறது. சும்மா தட்டவில்லை, மத்தளக்காரன் எங்கே விடுகிறானோ அங்கே விழுகிறது, அவன் அடிக்கிற இடத்தில் இவள் விடுகிறாள், இரண்டும் சேர்ந்தால் ஏதோ ஒன்று முழுசாகிறது. இவரும் மேஜைக்கடியில் தொடையில் தட்டிப் பார்த்தார். ஒன்று முந்திக்கொண்டது, இல்லாவிட்டால் பிந்திக்கொண்டது. சடுகுடுவில் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போய் நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்த கால்தான் இது. தாளம் மட்டும் பிடிபடவில்லை. "தங்கச்சி போடற தாளத்தைப் பாருங்க மாப்ள, அவனுக்கே எடுத்துக் குடுக்குது" என்றார் அர்த்தநாரி. இவரை இவ்வளவு நாள் தெரியும் இந்த அர்த்தநாரிக்கு, பம்ப் விற்பதைப் பற்றி ஒரு நாள் இப்படி வாய் நிறையச் சொல்லியிருப்பாரா?

நீலப்பாவாடை போய் வலை இழுக்கிறவர்கள் வந்தார்கள், அவர்கள் போய்ச் சண்டைக்காரர்கள் வந்தார்கள். வெள்ளைக் காற்சட்டை, மேலே ஒன்றுமில்லை. மேலே ஒன்றும் தேவையுமில்லை, உடம்பு அப்படி. கருங்காலி மரத்தில் கடைந்து எண்ணெய் பூசின உடம்பு. நாச்சிமுத்து தன்னையறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார், இழுத்த வயிறு மூச்சு முட்டி மறுபடி மேஜை விளிம்பில் வந்து உட்கார்ந்தது. ஒருத்தன் கையை ஊன்றிக் காலைச் சுழற்றுகிறான், அது போய் அடுத்தவன் கன்னத்தில் விழப்போகிறது, விழுந்தே விட்டது என்று நினைக்கிறபோது அவன் அங்கே இல்லை, கீழே வழிந்து இந்தப் பக்கம் முளைக்கிறான். அடிக்கவும் இல்லை, அடிபடவும் இல்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே. கவுதம் குனிந்து சொன்னான்: "இதுக்குப் பேரு கப்போயேராங்க. அடிமைங்க சண்டை பழகக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சாம். அதனால பாட்டு, மத்தளம் எல்லாம் வெச்சு, நாங்க ஆடத்தான் செய்யறோம்னு சொல்லியே சண்டையப் பழகிக்கிட்டாங்கன்னு சொல்றாங்க. எசமானன் பாத்துட்டு, சரி ஆடறானுங்கன்னு போயிருவானாம்." அர்த்தநாரி ஓகோ என்று சிரித்தார். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டம் என்று சொல்லிச் சண்டை. ஆட்டம் என்று சொல்லி... தோசைக்கல் முன்னால் காலை முன்னே வைத்துப் பின்னே வைத்தாளே, விமானத்துத் திரைக்குப் பின்னால் சுற்றினாளே, அதெல்லாம் என்ன பழக்கம்? யாரோடு சண்டைக்கு? வீட்டில் இருக்கிறது இவர் ஒருத்தர்தான். சரி ஆடுகிறாள் என்று செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எசமானன். அட கெரகமே, அப்படியா இருந்துவிட்டோம்? சோற்றுக்கு இல்லாமல் வைத்தாரா, துணிமணிக்குக் குறை வைத்தாரா, ஒரு நாள் கை நீட்டினாரா? இல்லையே. என்ன செய்தார் என்று யோசித்தால் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் வருகிறது. அவளோடு சேர்ந்து ஒன்றுமே செய்யவில்லை. இந்த நினைப்பு பிடிக்கவில்லை, உதறினார். உதறின இடத்தில் வெள்ளியங்கிரி வந்து நின்றார்.

உள்ளபடியே வந்து நின்றார். மேடைக்கு ஒரு கிழவர் வந்தார், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி, ஒட்டின வயிறு. கையில் வில். வில்லின் அடியில் சுரைக்குடுவை கட்டியிருந்தது. குச்சியால் நாணைத் தட்ட, குடுவையை வயிற்றில் வைத்தும் எடுத்தும் விட, ங்ஙொய்ங் என்று ஒரு சத்தம் தரையோடு வந்து நாற்காலிக் காலில் ஏறியது. பாட ஆரம்பித்தார். ஒரு வரி அவர் பாட, சுற்றி நின்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். கலாமணி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வைத்தேவிட்டாள். இரண்டு கையையும் மடியில் சேர்த்துக்கொண்டு, சின்னப்பிள்ளை தேர் பார்க்கிற மாதிரி, வாய் லேசாகத் திறந்து, திருப்பிப் பாடுகிற வரியை அவளும் முணுமுணுக்கிறாள், பாசை தெரியாத பாட்டை! நாச்சிமுத்துவுக்கு வயிறு பற்றி எரிந்தது. இங்கேயுமா? பூமியைப் பாதி சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்தால் இங்கேயும் ஒரு வாத்தியாரா? எங்கே போனாலும் ஒரு ஒட்டின வயிறும் ஒரு குரலும் இவளுக்கென்று காத்திருக்குமா? நான் பேசுகிறபோது இப்படி ஒரு நாள் பார்த்தாளா? நான் என்ன பேசினேன்? ஐந்து குதிரைச் சக்தி மோட்டாருக்கு வயரிங் பற்றிப் பேசினேன். சரி, அதற்கு எப்படி வாயைத் திறந்துகொண்டு பார்ப்பாள்? இருந்தாலும் கட்டின புருசன் இல்லையா?

அப்போதுதான் அதைப் பார்த்தார். வட்டத்துக்குள் இறங்கப்போகிற இரண்டு பேரும் முதலில் கிழவர் முன்னால் வந்து குந்தினார்கள், வில்லுக்கு நேர் கீழே தரையைத் தொட்டார்கள், நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள், பிறகுதான் ஆட்டம். அடுத்த இரண்டு பேரும் அப்படியே. காலைத் தொடுகிறான்கள் பார், எல்லா ஊரிலும் இதே கூத்துத்தான் என்று நினைத்து முடிப்பதற்குள், கிழவர் வில்லைப் பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்தார், தானே ஆடுவதற்கு வட்டத்துக்கு வந்தார். வந்தவர் அந்தப் பெண் முன்னால் குந்தினார். பேத்தி வயசு இருக்கும் அதற்கு. அவள் பிடித்திருந்த வில்லின் அடியில் தரையைத் தொட்டு, நெற்றியில் வைத்து, ஒரு நிமிசம் அப்படியே இருந்தார். கூடம் கைதட்டியது. நாச்சிமுத்துவின் கை மேஜைமேலேயே கிடந்தது. வாத்தியாரே தொட்டுக் கும்பிடுகிறார். அப்படியானால் அது வாத்தியார் கால் இல்லை. அப்படியானால் அது எது? மாரியம்மன் கோயில் மைதானம், மழை இருட்டு, வாத்தியார் நின்றிருந்த இடம், அவருக்கு முன்னால் என்ன இருந்தது? யோசித்தார். இருந்ததே, மேளத்தைத் தரையில்தான் வைத்திருந்தான்கள். பெரிய மேளம். எப்போதும் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது, இவர் பார்க்கவில்லை, இவர் அந்த ஆள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா மனுசனுக்கு? "ஏம்புள்ள" என்றார். "அன்னைக்குக் கோயில் மைதானத்துல... பழக்கம் ஆரம்பிக்கையில நீ குனிஞ்சு தொட்டுக் கும்புட்டயே, அது எதை?" கலாமணி மேடையைப் பார்த்துக்கொண்டே, "மேளத்தைங்க. ஆடறதுக்கு முந்தி மேளத்தைத் தொட்டுக் கும்புடாம யாராச்சும் ஆடுவாங்களா" என்றாள். சொல்லிவிட்டு ஒரு கணம் கழித்துத் திரும்பினாள். "நீங்க எப்ப வந்தீங்க மைதானத்துக்கு?" இவர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். "மழை வந்த அன்னைக்கா?" என்றாள். "வந்துட்டுத் திரும்பிப் போயிட்டீங்களா?" இவர் குடித்தார். "எதைத் தொட்டேன்னு நெனச்சீங்க?" இவர் குடித்துக்கொண்டே இருந்தார், குவளையில் ஒன்றுமில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் ஒன்றொன்றாக எல்லாம் போய்ச் சேர்வது இவருக்குத் தெரிந்தது: மழை, செய்தி, சம்பந்தி வீட்டுச் சாக்கு, இரண்டு டிக்கெட். "அதுக்குத்தான் நிறுத்தச் சொன்னீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "அதில்ல கண்ணு..." என்றார். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்றுதானே இத்தனை நாள் பயந்தார்? சிரித்திருக்கலாம். அவள் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது நிம்மதி வர வேண்டும். நியாயப்படி வர வேண்டும். முள் இறங்கிவிட்டதே, அவள் எந்த ஆள் காலையும் தொடவில்லை, வெள்ளியங்கிரி வெறும் வெள்ளியங்கிரி, தொண்டை கட்டினால் சுக்குக் காப்பி குடிக்கிற ஒரு வயசான மனுசன். நாச்சிமுத்து நிம்மதிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வரவேண்டிய பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. வரவில்லை. எரிச்சல் அங்கேயே இருந்தது, அதே இடத்தில், அதே சூட்டில், யார்மேல் என்பதுதான் இல்லாமல் போயிற்று. ஆள் இருந்தபோது சௌகரியமாக இருந்தது. ஆளை வையலாம், ஆள் வயிற்றைப் பார்த்து நம் வயிற்றை உள்ளே இழுக்கலாம். மேளத்தின்மேல் எப்படிப் பொறாமைப்படுவது? ஆனால் படத்தான் செய்தார். அந்த மேளத்தின்மேல், மைதானத்து மண்ணின்மேல், தோசைக்கல் முன்னால் அவள் தனியாகச் சிரித்த சிரிப்பின்மேல். அவள் ஒரு சந்தோசத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள், அதில் இவருக்குப் பங்கு இல்லை. தட்டில் நல்ல துண்டு எது கிடைத்தாலும் ஒதுக்கி இவர் தட்டில் வைக்கிற கை, இதை மட்டும் முழுசாக அவளே சாப்பிட்டிருக்கிறது. கேட்டால் கொடுத்திருப்பாளோ? வாங்க, நீங்களும் நில்லுங்க, ஆம்பளைங்களும் ஆடறாங்க என்று ஆரம்பத்தில் ஒரு தடவை கூப்பிட்டாள்தானே? கூப்பிட்டாளா? கூப்பிட்டாள். எனக்கென்ன கிறுக்கா என்று இவர்தான் சொன்னார். ச்சே.

சண்டைக்காரர்கள் போய், சரிகைப் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். வட்டம் கட்டினார்கள். கைகொட்டினார்கள். ஒருத்தி நடுவே போய் ஆடுவாள், ஆடி முடித்து, சுற்றி இருக்கிறவர்களில் ஒருத்தர் முன்னால் போய் நிற்பாள், கை நீட்டுவாள், அவர்கள் உள்ளே போக வேண்டும், அதுதான் வழக்கமாம். முதலில் ஒரு வெள்ளைக்காரியை இழுத்தார்கள், அது குதித்துவிட்டு வந்து உட்கார்ந்தது. அர்த்தநாரி நாற்காலியில் இருந்தபடியே மீசையைத் தடவி ஆயத்தமானார். தடியான ஒரு அம்மாள், தலையில் வெள்ளைத் துணி சுற்றினவள், மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், நேராக இங்கே வந்து கலாமணி முன்னால் நின்றாள். விரல் தாளம் போட்டதை மேடையிலிருந்தே பார்த்திருப்பாள் போல. கையை நீட்டினாள். நாச்சிமுத்துவுக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது. அவள் நம்மைத் திரும்பிப் பார்ப்பாள், எப்போதும் பார்ப்பாளே, ஊர்ப்பணம் எழுதுவதிலிருந்து ஐஸ்கிரீம் வாங்குவதுவரை இவர் முகத்தை ஒரு தடவை பார்க்காமல் அவள் எதுவும் செய்ததில்லை. பார்க்கிறபோது நாம் தலையை ஆட்ட வேண்டும், போ கண்ணு, ஆடு என்று வாய்விட்டே சொல்ல வேண்டும், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. அதோடு எல்லாம் சரியாகிவிடும். தலையாட்டலைத் தயாராக வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பைக்கூட எடுத்து வைத்துக்கொண்டார். கலாமணி எழுந்தாள், கைப்பையை இவர் மடியில் வைத்தாள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள், செருப்பைக் கழற்றினாள், போனாள். பார்க்கவில்லை. கோபமாகப் பார்க்காமல் போகவில்லை, அப்படியிருந்தால்கூடச் சமாதானப்படுத்தலாம். பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். தலையாட்டலை வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார்.

மேடையேறினவள் முதலில் மத்தளத்தின் பக்கம் போனாள். குனிந்து அதன் அடியில் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மத்தளக்காரன் அடிப்பதை நிறுத்தி, நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தான். ஓரத்தில் நின்ற கிழவர் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. அவள் தன் கும்மியைக் கொட்டினாள். குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று, சுற்றி ஒன்று. மத்தளம் முதலில் அவளைவிட்டு ஓடியது, பிறகு அவன் அவள் கையைப் பார்த்தான், பிடித்துக்கொண்டான். தடித்த அம்மாள் பின்னால் வந்து அதேபோலக் கொட்டினாள், தப்பாக, பிறகு சரியாக. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வட்டம் முழுக்கச் சரிகைப் பாவாடைகள் வெள்ளகோவில் கும்மி அடித்தன. அர்த்தநாரி எழுந்து நின்று விசிலடித்தார். கவுதம் படம் எடுத்தான். "நம்ம அண்ணியா இது! சொல்லவே இல்லீங்களே நீங்க" என்றான், என்னவோ நாச்சிமுத்து ஒளித்து வைத்திருந்தது போல. வட்டம் சுற்றிவந்து ஒவ்வொரு தடவையும் அவள் முகம் இந்த மேஜைக்கு நேராக வந்தது, இவர் ஒவ்வொரு தடவையும் முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஒரு தடவை பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள், முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக. அப்பாடா என்று இவர் சிரிப்பதற்குள், அதே சிரிப்பு அர்த்தநாரிக்கும் போயிற்று, அடுத்த மேஜை வெள்ளைக்காரனுக்கும் போயிற்று, அதற்கடுத்த மேஜைக்கும் போயிற்று. எல்லோருக்கும் ஒரே அளவு.

வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. இவர் மடியிலிருந்து கைப்பையை எடுத்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அர்த்தநாரி சொன்னதற்கெல்லாம், போங்கண்ணா என்று வெட்கப்பட்டாள். அவர் எழுந்து இனிப்பு எடுக்கப் போன பிறகு, "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டாள். "ம்" என்றார் நாச்சிமுத்து. "அரங்கேத்தத்துல நான் நிக்கறேனுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை, காய்கறிக்காரனிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "விட்டுப்போடறதுன்னுதான் முடிவு பண்ணியிருந்தேன். மத்தியானம் அந்தக் கடக்கரையில உக்காந்திருந்தமே, அப்பவே. உங்களுக்கு என்னமோ ஒரு கஷ்டம், வாய்விட்டுச் சொல்ல முடியல, நாம விட்டுக்குடுத்தா என்ன, இத்தன வருசம் இருந்துட்டோம்னு மனசத் தேத்திக்கிட்டேன். அழுகைகூட வந்துச்சு, தண்ணியப் பாத்துட்டே இருந்தேன். இப்பத்தான உங்க கஷ்டம் என்னன்னு தெரியுது. இதுக்காக விடமாட்டேனுங்க." இவர் கடைசியில் கேட்டது இதைத்தான்: "மத்தியானமே சொல்லியிருக்கலாமுல்ல புள்ள?" கலாமணி மேடையைப் பார்த்தாள், ஆட்கள் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். "சொல்லலாமுன்னுதான் வாயெடுத்தேன். கும்மி இன்னொரு பொழுதுக்கு என்னோட இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேனுங்க" என்றாள்.

அர்த்தநாரி தட்டு நிறைய இனிப்போடு திரும்பி வந்து, இவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "குடுத்து வெச்ச ஆளுங்க நீங்க" என்றார். நாச்சிமுத்து தலையாட்டினார். மத்தியானம் வெயில் நன்றாக இருந்தது, மணலில் துண்டை விரித்து ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவன் பெண்சாதி தனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை அவனுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, கண் கலங்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவனுக்கு அது தெரியவும் இல்லை, இளநீர் விலை ரொம்ப அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெள்ளியங்கிரியும் போய், மேளமும் போய், கடைசியில் நாச்சிமுத்துவுக்கு வயிறெரிந்தது அந்த ஆளைப் பார்த்துத்தான்.